சாயக் கழிவின் செலவு யாருக்கு?

கேள்வி: தொழில் பெருகினால் ஆறு ஏன் கெடுகிறது? லாபத்துக்கும் மாசுக்கும் என்ன தொடர்பு?
– ஒரு வாசகர், நூம்பல்

பதில்: திருப்பூர் பனியனைப் பார்த்தாலே விடை புரியும். பருத்தித் துணியில் சாயம் ஏற, தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். சாயம் பெரும்பாலும் துணியில் ஒட்டிக்கொள்ளும், உப்பு ஒட்டாது. கழிவுநீரோடு அப்படியே வெளியேறும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போகும், உப்பு போகாது.

அந்த உப்பு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக அதன் குறுக்கே 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கிணறுகள் உவர்த்தன, விளைநிலங்கள் பாழாயின.

உப்பைப் பிரிக்கும் செலவு பனியன் விலையில் சேரவில்லை. அதனால்தான் பனியன் மலிவாகக் கிடைத்தது. மிச்சத்தைக் கீழ்மடை விவசாயி தன் கிணற்றாலும் வயலாலும் கொடுத்தார்.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பல்லாயிரம் பேர் வேலையிழந்தது பெருந்துயரம்.

கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் திரும்ப இயங்கின. இன்று கழிவுநீரைச் சவ்வு வழியே வடிகட்டி, எஞ்சியதைக் காய்ச்சி, கிடைக்கும் நீரையும் உப்பையும் மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புகிறார்கள். அதற்கான மின்கட்டணம் இப்போது பட்டறையின் கணக்கில் ஏறுகிறது.