நெருப்புக்கு முந்தைய ஆறரை கிலோமீட்டர்

அன்புள்ள தங்கைக்கு,

ஆர்ட்டெமிஸ்-1 நிலவுப் பயணம் பற்றி நீ அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் 2022 நவம்பர் 16 அன்று ராக்கெட் சீறிக் கிளம்பிய காட்சிக்கே முக்கால்வாசி இடம் போய்விட்டது. கென்னடி விண்வெளி மையத்தில், ராக்கெட்டைப் பூட்டிய கூடத்திலிருந்து 39பி ஏவுதளத்துக்கு அது வந்து சேர்ந்ததை ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த வரியைத்தான் பிரித்து எழுத வேண்டும். அறிவியல் எழுதுகிறவருக்குச் சரக்கு அங்கேதான் இருக்கிறது.

98 மீட்டர் உயர ராக்கெட். அதை நின்ற வாக்கிலேயே, ஏவுகோபுரத்தோடு சேர்த்து, க்ராலர் என்ற வண்டி சுமந்து வருகிறது. 1960களில் அப்போலோ காலத்து சாட்டர்ன்-5 ராக்கெட்டுக்காகச் செய்த வண்டி அது. பலப்படுத்தி இன்னமும் ஓட்டுகிறார்கள். பாரத்தோடு மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் போனாலே அதிகம். 2022 மார்ச் 17 மாலை கிளம்பியது, மறுநாள் விடியற்காலையில்தான் போய்ச் சேர்ந்தது. பாதை நெடுக ஆற்றுக் கூழாங்கல் பரப்பியிருக்கிறார்கள். வண்டியின் இரும்புப் பட்டைகள் அதிகம் உரசாமலும் தீப்பொறி எழாமலும் இருக்கத்தான் அந்தக் கல். இப்படி ஒரு தகவலைத் தேடிப்பிடித்து வைத்தால் வாசகர் உன்னை நம்புவார்.

நீ தேரோடு ஒப்பிட்டிருக்கிறாய். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான், எடுத்துவிடு. தேர் அசைந்து வந்தால்தான் அழகு. இங்கே சாயவே கூடாது. ஏவுதளத்தின் சரிவில் ஏறும்போது வண்டியின் ஜாக்கிகள் ஒரு முனையைத் தூக்கி, மறு முனையைத் தாழ்த்தி, மேல்தளத்தை மட்டமாகவே வைத்திருக்கின்றன.

இன்னொன்று, இது ஒரே தடவையில் முடிந்த பயணமும் இல்லை. மார்ச்சில் போனது, எரிபொருள் நிரப்பும் ஒத்திகை ஹைட்ரஜன் கசிவாலும் வால்வுக் கோளாறாலும் முடியாமல் போக, ஏப்ரலில் கூடத்துக்குத் திரும்பியது. ஜூனில் மறுபடி போய் ஜூலையில் திரும்பியது. ஆகஸ்டில் போனபின் ஏவும் முயற்சிகள் இரண்டு கைவிடப்பட்டன. செப்டம்பரில் இயன் புயல் வரவும் மீண்டும் கூடத்துக்கு வந்தது. நவம்பர் 4-ல் நான்காம் முறை போய் நின்று, நிக்கோல் சூறாவளியை ஏவுதளத்திலேயே தாங்கியது. சிறிய மூலக்கூறு என்பதால் நுண்ணிய இடுக்கிலும் நழுவிவிடும் ஹைட்ரஜன், ஏவும் இரவிலும் ஒரு வால்வில் கசிந்தது. எரிபொருள் ஏற்றிய ராக்கெட்டுக்கு அடியில் சிலர் போய் நட்டுகளை முடுக்கிவிட்டு வந்தார்கள். அவர்களைப் பற்றி உன் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

தீப்பிழம்பை ஒரு பத்தியாகச் சுருக்கு. மிச்ச இடத்தை வண்டிக்கும் கல்லுக்கும் அந்த மனிதர்களுக்கும் கொடு. திருத்தி எழுதி மாதக் கடைசிக்குள் அனுப்பு. அடுத்த இதழில் உனக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்