கூடி எழுதும் ஏடு

தனி ஒருவரால் முடியாத பணி, பலர் கூடினால் எளிதில் முடியும். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்கள் தோல் தொழிலால் புகழ் பெற்றவை. அங்கே பச்சைத் தோல் ஒருவர் கையிலேயே காலணி ஆகிவிடுவதில்லை. நீரில் ஊறவைப்பவர் ஒருவர், சுண்ணாம்பிட்டு மயிர் களைபவர் மற்றொருவர், பதனிடுபவர் பிறிதொருவர், வெட்டுவோரும் தைப்போரும் வேறு சிலர். இவர்களுள் ஒருவர் கை தவறினும் பொருள் முழுதும் பழுதாகும்.

எழுத்துத் துறையிலும் இத்தகைய கூட்டுழைப்பு இன்று வளர்ந்துள்ளது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணினி அறிஞர் வார்டு கன்னிங்காம், படிப்பவரே திருத்தி எழுதத்தக்க இணையப் பக்கங்களை அமைத்தார். அவற்றிற்கு ‘விக்கி’ எனப் பெயரிட்டார். அவாய் மொழியில் அச்சொல்லுக்கு ‘விரைவு’ என்பது பொருள். அம்முறையில் 2001ஆம் ஆண்டில் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் ஆங்கிலத்தில் தோன்றியது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. தொடக்க நாள்களில் அதற்கு அயராது உழைத்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் ஆவார். பல நாட்டுத் தமிழரும் ஊதியம் கருதாது உடன் உழைத்தனர். 2017ஆம் ஆண்டில் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தை எட்டின.

‘எவரும் எழுதலாம் எனில் பிழை மலியாதோ?’ என ஐயுறுவோர் உளர். அவ்வையம் தக்கதே. அதற்காகவே மூன்று காவல்கள் அமைந்துள்ளன. முதலாவது, பக்கத்தின் வரலாறு. எக்கணக்கிலிருந்து எந்நாளில் எது மாற்றப்பட்டது என்பது அதில் பதிவாகும். கெட்டதை நீக்கிப் பழைய வடிவத்தை மீட்கலாம். இரண்டாவது, உரையாடல் பக்கம். கருத்து வேறுபட்டோர் அங்கே காரணம் காட்டி வாதிடுவர். மூன்றாவது, சான்று. ஆயினும் காப்போர் விழித்திருந்தால்தான் காவல் பயன் தரும். கவனிப்பாரற்ற பக்கத்தில் பிழை நெடுநாள் தங்குவதும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆம்பூர் முன்னர் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019ஆம் ஆண்டில் அம்மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சார்ந்தது. அச்சிட்ட பழைய நூல் தானே மாறாது. கூட்டு ஏட்டையோ அன்றே திருத்தலாம். ஆனால், திருத்துபவர் அரசாணையைச் சான்றாகக் காட்டவேண்டும். பிரிவினைக்கு முந்திய நிகழ்ச்சியைக் கூறும் தொடரில் பழைய மாவட்டப் பெயரை அழித்தலும் ஆகாது. விரைந்து எழுதும் வசதி, ஆராயாது எழுதும் உரிமை அன்று.

நடுநிலைப் பள்ளி மாணவர் இக்கலையை முதலில் வகுப்பிற்குரிய கூட்டு ஏட்டில் பயிலலாம். வேலூர்க் கோட்டையைப் பற்றி எழுதுவதாகக் கொள்வோம். ஒருவர் அகழியைப் பற்றியும், ஒருவர் சலகண்டேசுவரர் கோயிலைப் பற்றியும், ஒருவர் 1806ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சியைப் பற்றியும் எழுதலாம். மற்றொருவர் சான்றுகளை ஒத்துப் பார்க்கலாம். பிறர் எழுதிய தொடரை மாற்றுமுன் காரணம் கூறுதல் பண்பாகும். தம் எழுத்து திருத்தப்படும்போது சினவாது ஆராய்தல் அறிவாகும். பொதுப் பக்கங்களில் தம் முகவரி முதலியவற்றை வெளியிடாமை பாதுகாப்பாகும்.

கூட்டு ஏட்டில் ஒருவர் இடும் பிழை பலரை மயக்கும். ஒருவர் செய்யும் திருத்தம் பலருக்கு ஒளி தரும். ஆதலின், எழுதுமுன் ஆராய்வோம். எழுதியபின் பிறர் கூறும் குறையைக் கேட்போம்.