அன்னமும் மண்ணும்: முத்துராஜவெல தரும் பாடம்

உணவின்றி உயிரில்லை, உழவின்றி உணவில்லை. ஆலயத்தில் நைவேத்தியமாகப் படைக்கப்படும் பொங்கலும், திருவிழாக் காலங்களில் அடியார்களுக்குப் பரிமாறப்படும் அன்னமும் எங்கோ ஒரு வயலில் சேற்றில் இறங்கிய கால்களின் பயனேயாகும். திருவள்ளுவர் உழவுக்கெனத் தனியே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியமையும் இதன் பெருமை கருதியேயாம். எனினும், உழவு என்பது நிலத்திலிருந்து விளைவை எடுப்பது மாத்திரமன்று. காட்டை வெட்டி, நீரைத் திருப்பி, மண்ணின் இயல்பையே மாற்றியமைக்கும் ஒரு பெருந்தொழிலுமாகும். அந்த மாற்றம் அளவோடு இருக்கும்வரை நிலம் சோறு தருகின்றது. அளவு தவறினால் என்ன நிகழும் என்பதை அறிய வத்தளை மக்கள் தூர இடம் செல்ல வேண்டியதில்லை. வாசலுக்கு அருகிலேயே முத்துராஜவெல இருக்கின்றது.

கொழும்பு - கட்டுநாயக்க அதிவேகப் பாதை 2013 ஆம் ஆண்டு திறக்கப்பட்டபின், அதன் வழியே விமான நிலையம் செல்வோர் இருபுறமும் பரந்து கிடக்கும் புல்லும் நீருமான வெளியைக் காண்கின்றனர். பலருக்கு அது வெறும் சேற்று நிலம். நுளம்பு பெருகும் இடம். ஆனால் அதன் பெயரைச் சற்றே கவனித்தல் வேண்டும். சிங்களத்தில் 'வெல' என்றால் வயல். முத்துராஜவெல என்பது அரசனின் முத்துப் போன்ற வயல் எனப் பொருள்படும். கோட்டை இராச்சிய காலத்தில் இங்கு நெல் செழித்து விளைந்ததென்பது வரலாறு. இன்று அங்கே நெல் இல்லை. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. அரச வயல் எவ்வாறு சதுப்பாயிற்று என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இந்நிலம் தெற்கே களனி கங்கை முகத்துவாரத்திற்கும் வடக்கே நீர்கொழும்புக் களப்பிற்கும் இடையில் அமைந்துள்ளது. ஏறத்தாழ 3,000 ஹெக்டயர் பரப்பளவுடையது. கடல் மட்டத்தோடு ஒட்டிய தாழ்நிலம். இத்தகைய நிலத்தில் நெல் விளைவிப்பதற்கு ஒரே நிபந்தனை, மேலிருந்து வரும் நன்னீர் கடலிலிருந்து ஏறும் உப்பு நீரை வெளியே நிறுத்திவைக்க வேண்டும் என்பதாகும். தண்டுகம் ஓயாவின் நீரும் மழை நீரும் அப்பணியைச் செய்து வந்தன.

ஒல்லாந்தர் ஆட்சியில் இச்சமநிலை குலைந்தது. கறுவாவையும் ஏனைய பொருட்களையும் நீர்கொழும்புப் பகுதியிலிருந்து கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டுவர அவர்களுக்கு நீர்வழி தேவைப்பட்டது. அன்று மாட்டு வண்டியிலும் பார்க்கப் படகு மலிவானது என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். ஆகவே கால்வாய்கள் வெட்டப்பட்டும் விரிவாக்கப்பட்டும் களப்பும் ஆறும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. வியாபாரம் வளர்ந்தது. ஆனால் படகு வந்த வழியே கடல் நீரும் வந்தது. வற்றுப்பெருக்கு ஏற்படும்போதெல்லாம் உப்பு நீர் கால்வாயூடாக வயலுக்குள் நுழைந்தது. மண்ணில் உப்பு மிகும்போது, நீர் நிறைந்திருந்தாலும் பயிரின் வேரால் அதை உறிஞ்ச முடியாது. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் இதனைச் சிறிதும் தாங்காது. வயல்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன.

அடுத்து வந்த ஆங்கிலேயர் இதனைத் திருத்த முயன்றனர். 1802 ஆம் ஆண்டு கவின் ஹமில்டன் என்னும் வருமான அதிகாரியின் பொறுப்பில், களனி கங்கை முகத்துவாரத்தின் அருகிலிருந்து ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம வழியாக நீர்கொழும்புக் களப்பை நோக்கி ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கப்பட்டது. வத்தளை வாசிகள் நாளாந்தம் கடந்து செல்லும் ஹமில்டன் கால்வாய் இதுவேயாகும். வயலில் தேங்கிய உப்பு நீரை வடித்து வெளியேற்றுவதே இதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் கடலுக்குச் சமமான மட்டத்தில் உள்ள நிலத்திலிருந்து நீரை வடிப்பது எளிதன்று. வெளியேற வெட்டிய வழி உள்ளே வரவும் வழியாயிற்று. நெல் திரும்பி வரவில்லை.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. சதுப்பின் அடியில் பல்லாயிரம் ஆண்டுகளாக அழுகிப் படிந்த தாவரப் பொருள் கரிய முற்றா நிலக்கரியாகக் கிடக்கின்றது. அதில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. நீருக்கடியில் இருக்கும்வரை அவற்றால் தீங்கில்லை. நீரை வடித்துக் காற்றுப் படவிட்டால் அவை கந்தக அமிலமாக மாறி மண்ணைப் புளிக்கச் செய்யும். நிலமும் மெல்ல அமிழும். கால்வாயை அடைத்து நீரை வடித்தால் மீண்டும் நெல் விளைவிக்கலாமே எனக் கேட்போருக்கு இதுவே விடை.

உப்பு நிலத்தில் நெல்லே விளையாதா என்ற கேள்வி எழலாம். கடலுக்கு அப்பால், கேரளத்தின் எர்ணாகுளம் பகுதியில் பொக்காளி என்னும் நெல் இனம் உண்டு. மழைக்காலத்தில் உப்பு குறையும் வேளையில் அதை விதைத்து, ஐப்பசியளவில் கதிரை மட்டும் அறுத்தெடுப்பர். பின்னர் உப்பு நீர் ஏறியதும் அதே வயலில் இறால் வளர்ப்பர். நெல்லின் தாள் இறாலுக்கு இரையாகின்றது. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகின்றது. பசளை மூட்டை வேண்டியதில்லை. நிலத்தைத் தம் விருப்பிற்கு வளைக்காமல், தம் வேலையை நிலத்தின் போக்கிற்கு ஏற்ப அமைத்துக்கொண்ட உழவர்கள் அவர்கள். இலங்கை விவசாயத் திணைக்களமும் பொக்காளியைக் கலந்து உவர் தாங்கும் நெல்லினங்களை உருவாக்கியுள்ளது.

முத்துராஜவெல நெல்லை இழந்தபின் உணவு தருவதை நிறுத்திவிட்டதா என்றால், இல்லை என்பதே உண்மை. சதுப்பிலும் கண்டல் தாவரங்களிலும் உதிரும் இலைகள் மக்கி நீரோடு களப்பை அடைகின்றன. அதை உண்டே இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. நீர்கொழும்பு மீனவர் வலையில் விழுவதில் ஒரு பங்கு இச்சேற்றில் பிறந்ததேயாகும். இதனிலும் பெரிது வெள்ளத் தடுப்பு. மழைக்காலத்தில் சுமார் ஒரு கோடியே பத்து இலட்சம் கன மீற்றர் நீரைத் தாங்கி, பத்து நாட்களுக்கும் மேலாக வைத்திருந்து மெல்ல மெல்லக் களப்பிற்கு விடும் ஆற்றல் இந்நிலத்திற்கு உண்டென மதிப்பிடப்பட்டுள்ளது. 2003 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று இச்சதுப்பின் சேவைகளை ஆண்டுக்கு எண்பது இலட்சம் அமெரிக்க டொலர் எனக் கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு வெள்ளத்தைத் தணிக்கும் பணிக்குரியது. 1996 ஆம் ஆண்டில் இதன் வடபகுதி சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தென்பகுதியான கெரவலப்பிட்டிப் பக்கம் கடல் மணல் இட்டு நிரப்பப்பட்டுப் பெரும்பாலும் கைமாறிவிட்டது. 2016 மே மாதத்திலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் களனி கங்கை பெருக்கெடுத்து வீடுகளுக்குள் நீர் புகுந்த நாட்களை வத்தளைப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீர் தங்குவதற்கென இயற்கை வைத்த இடத்தை நிரப்பிவிட்டு, நீர் ஏன் வீட்டிற்குள் வந்தது எனக் கேட்பதில் நியாயமில்லை.

களனி கங்கையைப் பற்றிக் கூறும்போது அதன் தலைப்பகுதியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வத்தளையில் வாழும் பல குடும்பங்களின் பூர்வீகம் மலையகம். அங்கு மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்தே களனி கங்கையாகின்றன. ஒரு காலத்தில் அடர்காடாக இருந்த அச்சரிவுகளில் முதலில் கோப்பியும், 1869 இல் கோப்பியை நோய் தாக்கத் தொடங்கியபின் தேயிலையும் நடப்பட்டன. காடு நின்றபோது மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிய மண், காடு போனபின் மழையோடு கரைந்து இறங்கியது. நாட்டுக்கு அந்நியச் செலாவணியைத் தேடித்தந்த அதே பயிர்தான் மலையின் மேல்மண்ணை ஆற்றில் சேர்த்தது. இதன் காரணமாகவே 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கல்வரிசை, காண், நிழல் மரம் ஆகியவற்றை ஒழுங்காகப் பேணும் தோட்டங்களில் மண் நிற்கின்றது. பேணாத இடங்களில் இறங்குகின்றது. இத்தொழிலில் முதுகொடிந்த தொழிலாளிக்கும் அந்த மண்ணுக்கும் கிடைத்த கவனிப்பு ஒரே மாதிரியானதே.

வேறு சில குடும்பங்களின் வேர் யாழ்ப்பாணத்தில். அங்கு ஆறில்லை, கிணறுதான் எல்லாம். வலிகாமத்தின் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த உழைப்பு உலகறிந்தது. ஆனால் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே இட்ட யூரியாவில் பயிர் எடுக்காத பகுதி நைத்திரேற்றாகக் கரைந்து நேரே கிணற்றை அடைகின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என எல்லை வகுத்துள்ளது. வலிகாமத்தின் பல விவசாயக் கிணறுகள் இவ்வெல்லையைத் தாண்டியமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு இது குறிப்பாக ஆபத்தானது, கொதிக்கவைத்தாலும் நீங்காது.

அப்படியாயின் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன? இந்நாடு அதையும் செய்து பார்த்துவிட்டது. 2021 மே மாதத்தில் பசளை, பீடைகொல்லி இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. 2021 இல் 51 இலட்சம் மெற்றிக் தொன்னுக்கு மேல் இருந்த நெல் உற்பத்தி, 2022 இல் சுமார் 34 இலட்சமாக வீழ்ந்தது. டொலர் இல்லாத நேரத்தில் வெளிநாட்டு அரிசிக்குக் கையேந்த நேர்ந்தது.

காரணம் எளிய கணக்கே. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் எனக் கொண்டால், அதே அளவைப் பெற 1,500 கிலோ கூட்டெரு வேண்டும். ஒரு மூட்டைக்குப் பதில் முப்பது மூட்டை! அவ்வளவு எருவை ஆறு மாதத்தில் எங்கே தேடுவது, யார் சுமப்பது என்று முடிவெடுத்தவர்கள் கமக்காரனைக் கேட்கவில்லை. மேலும், இன்று வயல்களில் உள்ளவை பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றில் உருவான இனங்கள். 1958 அளவில் எச்-4 என்ற இனம் வந்ததிலிருந்து இவை விளைச்சலைப் பன்மடங்காக்கின. ஆனால் பசளை உண்டால்தான் அவ்வளவு விளைச்சலைத் தரும். அறுபது ஆண்டுப் பழக்கத்தை ஆறு மாதத்தில் மாற்றுதல் இயலாது. சேதனப் பசளை தவறன்று. அதை ஆண்டுதோறும் கூட்டி, இரசாயனத்தை மண் பரிசோதனைப்படி குறைத்து, பத்துப் பதினைந்து ஆண்டில் செய்ய வேண்டியதை ஒரு வர்த்தமானியில் செய்யப் புகுந்ததே தவறு. ஒல்லாந்தர் கால்வாயும் இதுவும் நோக்கத்தில் வேறானவை. ஆனால் வயலில் நிற்பவனைக் கேளாமல் எழுத்து மேசையில் முடிவெடுத்தது இரண்டிலும் ஒன்றே.

வத்தளையில் இன்று எஞ்சியுள்ள விவசாயம் சிறிது. சதுப்பின் ஓரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் சிலர் கங்குன், பொன்னாங்காணி முதலிய கீரைகளை வளர்த்துக் கொழும்புச் சந்தைக்கு அனுப்புகின்றனர். விடியுமுன் இடுப்பளவு நீரில் இறங்கிக் கட்டும் அக்கீரைக் கட்டுகள் ஏழையின் இரும்புச்சத்து எனலாம். ஆனால் நீர்க்கீரை தான் நிற்கும் நீரில் உள்ளதை எல்லாம் எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலைக் கழிவும், வீட்டுக் குழாய் வழி வரும் அழுக்கும், குப்பை மேட்டிலிருந்து கசியும் நீரும் கால்வாயில் கலந்தால் ஈயம் முதலிய உலோகங்கள் கீரை வழியே உணவுத் தட்டை அடையும். மேலே கழுவுவதால் கிருமியும் சேறும் போகும். தண்டிற்குள் ஏறிய உலோகம் போகாது. எனவே கீரை வாங்குவோர் அது எந்த நீரில் வளர்ந்ததென விசாரிப்பது நன்று. விற்பவரைக் குறை சொல்வதற்காக அன்று. கால்வாயை அழுக்காக்கியவர் அவரல்லர்.

ஆலயங்களும் இதில் பங்குள்ளவையே. ஒரு திருவிழாவில் சேரும் வாழையிலை, பூமாலை, காய்கறித் தோல், எஞ்சிய சோறு ஆகியவை சிறிய அளவினவல்ல. இவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி நீரோரம் போட்டால் அது கால்வாயை அடைக்கும், அழுகி நீரின் ஒட்சிசனைத் தின்னும், மீனும் சாகும். நந்தவனத்தின் மூலையில் நாலு கம்பு நட்டு, இலை ஓர் அடுக்கு, சாணம் அல்லது மண் ஓர் அடுக்கு என இட்டு, ஈரம் காயாமல் பார்த்து, இரு வாரத்திற்கு ஒருமுறை புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் கூட்டெரு கிடைக்கும். நூலையும் பொலித்தீனையும் முன்னரே அகற்றிவிடுதல் வேண்டும். சோற்றை அதிகம் சேர்த்தால் எலி வரும்; அதை ஆழப் புதைப்பதே நல்லது. பந்தியில் கேட்டுப் பரிமாறினால் புதைக்கவும் அதிகம் இராது.