52க்கு 52

அன்புள்ள கண்ணம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே போன் செய்தாய். "2028 ஒலிம்பிக்ஸ்ல சாஃப்ட்பால் திரும்ப வருதாம் அத்தை, இனிமே எங்க ஆட்டத்துக்குக் காசு வந்துடும்ல?" என்று கேட்டாய். "வரும், வரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது சோம்பேறிப் பதில். ஒரு ஆட்டத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் புரிகிற வயது உனக்கு. அதனால்தான் இந்தக் கடிதம்.

2005 ஜூலை, சிங்கப்பூர். சர்வதேச ஒலிம்பிக் குழு கூடி, ஒவ்வொரு விளையாட்டாக எடுத்து, இருக்கட்டுமா வேண்டாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்தியது. சாஃப்ட்பால் இருக்கட்டும் என்றவர்கள் 52 பேர். வேண்டாம் என்றவர்களும் 52 பேர். ஒருவர் எந்தப் பக்கமும் போடவில்லை. பாதிக்கு மேல் கிடைத்தால்தான் இடம் என்பதால் சமநிலையே தோல்வியாகிவிட்டது. 1996இல் அட்லாண்டாவில் உள்ளே வந்த ஆட்டம் 2008 பெய்ஜிங்கோடு வெளியே போனது.

காரணம் கேட்டால், அமெரிக்கா மட்டுமே ஜெயிக்கிறது என்றார்கள். 2004 ஏதென்ஸில் அந்த அணி எடுத்த ரன்கள் 51, கொடுத்தது ஒன்றே ஒன்று. ஆனால் பெய்ஜிங் இறுதியில் ஜப்பான் அதே அமெரிக்காவை 3-1 என்று வீழ்த்தியது. பிட்சர் யுகிகோ உவேனோ இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசினார். தீர்ப்பு எழுதி மூன்று வருடம் ஆன பிறகு வந்த சாட்சி அது. இன்னொரு காரணமும் உண்டு. ஊக்கமருந்து விவகாரமும், பெரிய ஆட்டக்காரர்கள் ஒலிம்பிக்கிற்கு வராததும் பேஸ்பாலின் தலைவலிகள். இரண்டும் ஒரே ஆட்டம்தானே என்று நினைத்தவர்கள் அந்தக் குழுவில் இருந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிய கடனுக்கு நம் வீட்டில் ஜப்தி!

இனி காசு. ஒலிம்பிக்கின் ஒளிபரப்பு உரிமையையும் மற்றவற்றையும் விற்று வரும் பணத்தில் ஒரு பங்கை ஒலிம்பிக் குழு அந்தந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். பெய்ஜிங்குக்கு 28 விளையாட்டுகளுக்குமாகச் சுமார் 29.6 கோடி டாலர். லண்டன் 2012க்கு விளையாட்டுகள் 26தான், தொகையோ சுமார் 52 கோடி டாலர். குறைந்த அந்த இரண்டும் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும்தான். பந்தியில் பாயசம் வரும் நேரம் பார்த்து இலையை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் பெரிய அடி அதுவல்ல. பல நாடுகளில் அரசும் தேசிய ஒலிம்பிக் சங்கமும் பதக்கப் பட்டியலைப் பார்த்துத்தான் பணம் ஒதுக்குகின்றன. ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டத்துக்குப் பயிற்சியாளர் சம்பளமும் விமான டிக்கெட்டும் எதற்கு என்று கேட்டுவிடுவார்கள். சிங்கப்பூரில் மூடிய ஒரு குழாயால் ஊர் ஊராகத் தண்ணீர் நின்றது.

அப்படியும் ஜப்பானில் ஆட்டம் வாடவில்லை. அங்கே அணிகளை நடத்துவது கம்பெனிகள். டொயோட்டா, ஹோண்டா, டென்சோ எல்லாம் பெண்கள் சாஃப்ட்பால் அணி வைத்திருக்கின்றன. நம்மூரில் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி வாலிபால் அணிகளைப் பார்த்திருப்பாயே, ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். உவேனோ ஆடுவது தகாசாகி ஊர் அணிக்கு. அது முதலில் ஹிட்டாச்சியுடையது, பிறகு சிப் தயாரிக்கும் ரெனேசாஸுடையது. 2015 முதல் பிக் கேமரா என்ற மின்னணுக் கடைக்காரர்கள் ஏற்று நடத்துகிறார்கள். முதலாளி மாறினாலும் ஒலிம்பிக் இல்லாத வருடங்களிலும் அணி இருந்தது.

அமெரிக்காவில் தாங்கிப் பிடித்தவை கல்லூரிகள். கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த சட்டத்தால் கல்லூரிகள் பெண்கள் விளையாட்டுக்கும் செலவழித்தாக வேண்டியிருந்தது. சாஃப்ட்பாலுக்கு உதவித்தொகை வந்தது, மைதானம் வந்தது. படிப்பு முடிந்த பிறகுதான் திண்டாட்டம். 2016இல் மோனிகா அபோட் என்ற பிட்சருக்கு ஹூஸ்டன் பக்கத்து அணி ஒன்று ஆறு வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது என்று பெரிய செய்தி. உள்ளே பார்த்தால், அந்த அணி ஆடிய லீக்கில் ஒரு அணி முழுவதற்கும் வருடச் சம்பள வரம்பே ஒன்றரை லட்சம் டாலர். அவருக்கான பெரும்பகுதி, எத்தனை பேர் ஆட்டம் பார்க்க வருகிறார்கள் என்பதைப் பொறுத்த ஊக்கத்தொகை. அந்த லீக் 2021இல் மூடப்பட்டது. அபோட் வருடக்கணக்கில் டொயோட்டாவுக்குப் போய் ஆடியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

திரும்பி நுழையப் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009இல் பேஸ்பாலோடு சேராமல் தனியாகக் கேட்டார்கள். கிடைக்கவில்லை, கோல்ஃபும் ரக்பியும் உள்ளே போயின. 2013இல் இரு கூட்டமைப்புகளும் ஒன்றாகிச் சேர்ந்து கேட்டார்கள். மல்யுத்தம் 49 வாக்கு, இவர்களுக்கு 24. கடைசியில் டோக்கியோ, நடத்தும் ஊர் விரும்பும் கூடுதல் விளையாட்டு என்ற வகையில் அழைத்தது. 39 வயது உவேனோ மறுபடி தங்கம் வென்றார், அமெரிக்காவை 2-0. ஆனால் கூடுதல் விளையாட்டுகளுக்கு ஒலிம்பிக் குழு பிரித்துக் கொடுக்கும் அந்த வருமானத்தில் பங்கு கிடையாது. விருந்துக்குக் கூப்பிட்டார்கள், வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கவில்லை. அடுத்த பாரிஸில் விருந்தும் இல்லை.

2028க்கான முடிவு நம் மும்பையில், 2023 அக்டோபரில் எடுக்கப்பட்டது. கிரிக்கெட்டும் அதே பட்டியலில் இருந்ததால் இங்கே பத்திரிகைகளுக்கு உன் ஆட்டம் கண்ணில் படவில்லை. கிரிக்கெட்டுக்கு ஒலிம்பிக் வேண்டுமோ என்னவோ, காசு ஏற்கெனவே இருக்கிறது. உன் ஆட்டம் அப்படியல்ல.

இன்னொரு வேடிக்கை கேள். ஒலிம்பிக் நடப்பது லாஸ் ஏஞ்சல்ஸில். சாஃப்ட்பால் நடக்கப்போவதோ சுமார் 1,900 கிலோமீட்டர் தள்ளி ஓக்லஹோமா சிட்டியில். வருடாவருடம் கல்லூரிப் பெண்களின் இறுதிப் போட்டிகள் நடக்கும் மைதானம் அங்கே தயாராக நிற்கிறது, புதிதாகக் கட்ட வேண்டியதில்லை.

மாவட்டப் போட்டிக்குப் போகும்போது வேன் வாடகையை யார் கொடுத்தார்கள் என்று உங்கள் பி.டி. டீச்சரிடம் விசாரித்து எனக்கு எழுது. பள்ளிக்கூடமா, பெற்றோரா, டீச்சர் தன் கைக்காசையே போட்டாரா?

அன்புடன்,
அத்தை