மேல்தட்டு காலியாக இருக்கட்டும்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வரைபடங்களைப் பார்த்தேன். சக்கரம் வைத்த அடித்தட்டு ஒன்று. அதன்மேல் மாட்டத் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், போலீஸ் ஜீப் என மூன்று கூடுகள். கோடுகள் அழகு. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன வேலை? நீ யோசித்து முடித்ததில் ஒன்றை எடுத்து மாட்டலாம், அவ்வளவுதான். நாலாவதாக ஒரு வண்டி அதன் மனதில் தோன்றினால் உன் பெட்டியில் அதற்கு இடமில்லை.

நம் ஊர் நுங்கு வண்டியைப் பார். நுங்கு தின்று முடித்த இரண்டு பனங்காய்க் கூடு, நடுவில் ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவைக்கம்பு. எந்த வண்டியின் சாயலும் அதில் இல்லை. அதனால்தான் ஒரு தெருவில் பஸ்ஸாக ஓடியது அடுத்த தெருவில் புல்லட் ஆகிவிடுகிறது.

அதற்காக வெறும் மரக்கட்டையைக் கொடுத்தால் போதும் என்றும் நினைத்துவிடாதே. சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய விரிவுரை ஒன்றில் இதைத் தொட்டிருக்கிறார். குழந்தைக்குக் குச்சி குதிரையாகும், ஏனென்றால் அதன்மேல் கால் போட்டு ஓடலாம். தபால் அட்டை குதிரையாகாது. உருவ ஒற்றுமையை விட, அந்தப் பொருளை வைத்து என்ன செய்ய முடிகிறது என்பதே பெரிது. ஆகவே ஏற்ற, இறக்க, கட்டி இழுக்க, கவிழ்க்க வழி வை. பெயரைக் குழந்தை வைத்துக்கொள்ளும். தட்டையான மேல்தட்டில் நாலு துளை, அவற்றில் செருக நாலு முளை, பின்னால் ஒரு கொக்கி போதும். டப்பாவை வைத்தால் தண்ணி லாரி. முளைகளின் மேல் துணியைப் போர்த்தினால் தேர். எதுவும் வைக்காவிட்டால் குட்டி யானை வண்டி.

உன் உழைப்பெல்லாம் அந்த முளையும் துளையும் சேரும் இடத்தில்தான் போக வேண்டும். மரை வைக்காதே, ஒரு கையால் பிடித்து மறு கையால் திருகுவது இந்த வயதுக்குக் கடினம். உள்ளங்கையால் அழுத்தினால் நுழைய வேண்டும், ஓடும்போது கழன்று விழக் கூடாது. இறுகிக்கொண்டால் பிள்ளை அம்மாவைக் கூப்பிடும், விளையாட்டு அங்கேயே அறுந்துவிடும். சித்திரையில் இலகுவாகப் போன முளை ஐப்பசி மழையில் மரம் ஊறிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இரண்டு பருவத்திலும் போட்டுப் பார். முடிந்தால் மரப்பொம்மை ஊரான சன்னபட்டணம் போய்க் கடைசல்காரர்கள் பக்கத்தில் சில நாள் உட்கார். சுழலும் வெட்பாலை மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உராயும் சூட்டிலேயே அது உருகி நிறம் ஏறுவதைப் பார்க்கலாம். சக்கரமும் முளையும் கடைசலுக்கென்றே பிறந்த வடிவங்கள்.

1969இல் வந்த லெகோவின் டூப்லோ கட்டைகளையும் கையில் எடுத்துப் பார். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சாதாரண லெகோவைப் போல இரு மடங்கு; ஆனாலும் சின்ன லெகோ அதன்மேல் பொருந்தும். பிள்ளையின் கை வளர்ந்த பிறகும் பழையது வீணாவதில்லை. உன் துளை அளவையும் அப்படி முன்யோசனையோடு முடிவு செய், பிறகு மாற்றாதே.

பாதுகாப்பில் சமரசமே கிடையாது. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 31.7 மி.மீ. விட்டமும், சரிவாக 25.4 முதல் 57.1 மி.மீ. வரை ஆழமும் கொண்ட சோதனை உருளைக்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. பெட்டியில் ‘3 வயதுக்கு மேல்’ என்று அச்சடித்தாலும், அதே கூடத்தில் தங்கச்சிப் பாப்பா தவழ்ந்துகொண்டிருப்பாள். முளையின் தலையை 40 மி.மீ. ஆக்கிவிடு. வண்டிகளை இணைக்கக் காந்தம் வைக்கும் ஆசை வரும், வேண்டாம். கழன்று விழுந்த இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். கொக்கியே போதும்.

மாதிரி தயாரானதும் பக்கத்து அங்கன்வாடியில் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார். “இது என்ன வண்டி?” என்று கேட்காதே, கேட்டால் உன்னைத் திருப்திப்படுத்த ஒரு பெயர் சொல்வார்கள். மேல்தட்டில் எதை ஏற்றுகிறார்கள், எந்த இடத்தில் கை திணறுகிறது என்று மட்டும் குறித்துக்கொள். அந்தக் குறிப்புகளை எனக்கு அனுப்பு. கூடவே, ஒரு சக்கரம் தொலைந்தால் அதை மட்டும் தனியாக வாங்க என்ன விலை ஆகும் என்றும் கணக்குப் போட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்