பிரிட்டனில் நர்ஸ் வேலை: தமிழ்நாட்டு நர்ஸுகளுக்கு முழுமையான வழிகாட்டி

பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஓரிரு வருடம் வார்டில் நின்றதும் பலர் முதலில் தேடிப்போவது ஏஜென்சியை. அது பிறகு. பிரிட்டனில் நர்ஸாக வேலை பார்க்க, அங்குள்ள நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் (என்.எம்.சி.) பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதில் பாதி வேலையை ஊரில் இருந்தே முடித்துவிடலாம்.

படி 1: ஆங்கிலம்

ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வில் படித்தல், கேட்டல், பேசுதலில் 7, எழுதுதலில் 6.5 வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. என்றால் முதல் மூன்றிலும் பி, எழுதுதலில் சி பிளஸ். என் ஓட்டு ஓ.இ.டி.க்கு. கட்டணம் அதிகம்தான், ஆனால் அதில் எழுதச் சொல்வது நோயாளியைப் பற்றிய கடிதம். கேஸ் ஷீட் எழுதிப் பழகியவர்களுக்கு அது புதிதல்ல.

படி 2: சி.பி.டி.யும் கவுன்சிலும்

சி.பி.டி. என்பது என்.எம்.சி.யின் கம்ப்யூட்டர் தேர்வு, இந்தியாவிலேயே எழுதலாம். டோஸ், டிரிப் வேகம் போன்ற கணக்குகள் தனிப் பகுதியாக வரும். அதற்குள் தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் பதிவைப் புதுப்பித்துவிடுங்கள். நம் ஊருக்கே உரிய தலைவலி இனிஷியல்: சான்றிதழில் 'எஸ்.' என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

படி 3: வேலை

பிரிட்டன் அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ்.ஸின் ஜாப்ஸ் தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். தமிழக அரசின் ஓ.எம்.சி.எல். நிறுவனத்தின் அறிவிப்புகளையும் பாருங்கள். சில வருடங்களுக்கு முன்பு போல இப்போது ஆட்களை அள்ளிக்கொண்டு போவதில்லை, பொறுமை வேண்டும்.

வேலை வாங்கித் தர நர்ஸிடம் காசு வாங்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் அரசின் ஆள்சேர்ப்பு நெறிமுறை. 'நர்ஸ் வேலை பிறகு, முதலில் கேர் வொர்க்கராகப் போங்கள்' என்று யாராவது லட்சங்கள் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22-ல் நின்றுவிட்டது.

ஆஃபர் லெட்டரில் இரண்டு இடங்களை நிதானமாகப் படியுங்கள்: ஆஸ்கி செய்முறைத் தேர்வுக்கு (படி 4) யார் பணம் கட்டுவார்கள், பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்.

படி 4: ஆஸ்கி

இந்தச் செய்முறைத் தேர்வை பிரிட்டனில்தான் செய்து காட்ட வேண்டும். மொத்தம் 10 ஸ்டேஷன். நம்மவர்கள் தடுமாறுவது அறிவில் அல்ல, வாயில். இங்கே மளமளவென்று கை வேலை நடக்கும். அங்கே ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். கை கழுவி, தன் பெயர் சொல்லி, நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, கைப்பட்டையோடு சரிபார்த்து, அலர்ஜி உண்டா என்று கேட்ட பிறகே மாத்திரை. அலர்ஜியைக் கேட்க மறந்தால் அந்த ஸ்டேஷன் கையை விட்டுப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது படுக்க வைத்து, வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்.

பாஸானதும் பதிவுக் கட்டணம் கட்டினால் என்.எம்.சி.யின் பதிவு எண் (PIN) வரும். என்.ஹெச்.எஸ்.ஸில் பேண்ட் 5 நர்ஸ் சம்பளம் அதன் பிறகுதான். அதுவரை அதைவிடக் குறைந்த பேண்டில்தான் இருப்பீர்கள். வீட்டுக்கு அனுப்பும் பணத்தை அதற்கேற்பக் கணக்குப் போடுங்கள்.