நொதிகலனின் மூச்சு

பென்சிலின் தரும் பூஞ்சை உயிர்வளியின்றி வளராது. ஆயினும் 25 பாகை செல்சியசு வெப்பநிலையில், காற்றிலிருந்து ஒரு லிட்டர் நீரில் கரைவது ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வளியே. பூஞ்சையிழைகள் பெருகப் பெருக ஊட்டக்கரைசல் கூழாகத் தடிக்கும். குமிழிகளிலிருந்து உயிர்வளி கரைவது மேலும் அரிதாகும். பசி மிகும் வேளையில்தான் உணவு குறைகிறது!

கரைந்த உயிர்வளியை உணரி அளக்கிறது. உட்செல்லும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் உள்ள உயிர்வளி வேறுபாட்டைக் கொண்டு, பூஞ்சை நுகர்ந்த அளவைக் கணினி இடைவிடாது கணக்கிடுகிறது. கரைந்த அளவு சரியத் தொடங்கியதும் கலக்கியின் விரைவையோ காற்றின் வரத்தையோ கூட்டுகிறது. வரம்பின்றிக் கூட்டவும் இயலாது: விரைந்து சுழலும் கலக்கி இழைகளை அறுக்கும்; காற்று மிகுந்தால் நுரை பொங்கும். உணரியின்மேல் பூஞ்சை படர்ந்தால் அது பிழையான அளவு காட்டும். எனவே, வெளியேறும் காற்றின் கணக்கோடு அதனைக் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது.